ஒரு விரற்கடை குறைத்து மடித்த தாள்

ஜூன் 4, வியாழன் இரவு

என் அன்பு அக்காவுக்கு,

நீ நலம்தானே? நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் பொய்யில் ஆரம்பிக்கும் கடிதம் உருப்படாது. நாங்கள் நலமில்லை. பதறாதே, யாருக்கும் காய்ச்சல் இல்லை. ஓவனுக்குத்தான் உடம்பு சரியில்லை.

இதை அந்த ஓவனின் வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். சமையலறை விளக்கைப் போட்டால் அம்மா எழுந்துவிடுவாள். ஓவனுக்குள் ஒரு சின்ன பல்பு இருக்கிறது. குமிழை ஒரு சுற்றுத் திருப்பினால் சூடு வராமல் வெளிச்சம் மட்டும் வரும். அதன் கதவைத் திறந்து வைத்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கம்பெனி செய்து கொடுத்ததில் ஒழுங்காக வேலை செய்வது இந்தப் பல்பு ஒன்றுதான். கோபித்துக்கொள்ளாதே.

நீ வேலை செய்யும் கம்பெனி என்பதால்தான் அம்மா இந்த ஓவனை வாங்கினாள். வந்த நாளிலிருந்தே எந்தக் கேக்கை வைத்தாலும் இடது பக்கம் கரி, வலது பக்கம் களி. அம்மா பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தட்டைத் திருப்பித் திருப்பி வைக்கிறாள். அப்படியும் போன வாரம் ஒரு பிறந்தநாள் கேக் ஒரு பக்கமாகச் சாய்ந்தே போய்ச் சேர்ந்தது. அந்த வீட்டுக்காரர், “கேக்குக்கும் தலைசுத்தலா?” என்று கேட்டாராம். அதற்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து யாரும் கேக் கேட்டு வரவில்லை. பழுது பார்க்க இரண்டு முறை வந்தவர்கள், இடது பக்கச் சூட்டுக் கம்பி பிறவியிலேயே கோணல், எங்களால் முடியாது, கம்பெனிக்கு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மா எழுதினாள். போன வாரம் பதில் வந்தது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்: “தாங்கள் தொழில் நிறுவனத்தின் பெயரில் பொருளை வாங்கியிருப்பதால் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டீர்கள். ஒப்பந்த நிபந்தனை 11-இன்படி பொருளைத் திரும்பப் பெற இயலாது.” அம்மா அதை இரண்டு முறை படித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மடித்து உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டாள். நான் சண்டை போடலாம் என்றேன். “மூத்தவ சோறு திங்கிற இடம் அது. அங்க போய் நாம மல்லுக்கு நிக்கக் கூடாது. அவளுக்கு இது தெரியவும் கூடாது” என்றாள்.

ஆனால் உனக்குத் தெரிந்தாக வேண்டும். ஏனென்றால் அம்மா போகப் போகிறாள். இரண்டு நாள் ரயிலில் போக வேண்டிய ஊரில் அணை கட்டுகிறார்கள், அந்த முகாமில் சமையலுக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். ஜூலை எட்டுக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் பள்ளி விடுதிக்கு. விடுதியில் துணிகள் மாறிவிடாமல் இருக்க எண் தைக்க வேண்டுமாம். என் எண் 38. அம்மா இதுவரை நான்கு பாவாடையில் தைத்துவிட்டாள்.

இப்போது நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். இதற்கெல்லாம் காரணம் நான்.

விற்பனைக்காரர் படிவத்தோடு வந்த அன்று அம்மாவின் கையெல்லாம் மாவு. “நீயே எழுதுடி” என்றாள். நான் எழுதினேன். தொழில் என்ற இடத்தில் ஒரு நீளமான கோடு இருந்தது. எங்கள் வகுப்பில் ஆசிரியை பெற்றோரின் தொழிலைச் சத்தமாகப் படிப்பார். எல்லோருக்கும் மேலாளர், மருத்துவர் என்று வரும். நம் வீட்டுக்கு “வீட்டில் கேக் செய்பவர்” என்று வரும், பின்வரிசையில் இரண்டு பேர் சிரிப்பார்கள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. “நிறுவன உரிமையாளர், கேக் தயாரிப்பு” என்று எழுதினேன். எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? விற்பனைக்காரர் கேக்கை இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டபடி சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அம்மா படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

அம்மா இன்னும் விற்பனைக்காரரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். நான் எழுதியது என்று தெரிந்தால் என்னை என்ன செய்வாள் என்று தெரியவில்லை. அடித்தால் பரவாயில்லை. அடிக்காமல் பார்த்தால்தான் பயம்.

போன் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அதனால் கீழே இருக்கும் மருந்துக்கடை முகவரிக்குப் பதில் எழுது. மருந்துக்கடை மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இருமல் மருந்துப் பெட்டிக்குள் போட்டு வைப்பார்.

உன்,
சுண்டெலி


ஜூன் 9, செவ்வாய்

என் செல்லச் சுண்டெலிக்கு,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். சாப்பிடாமலே டப்பாவை மூடிவிட்டேன். நான்கு மாதமாக அம்மா போனில் “எல்லாம் நல்லபடியா இருக்கு” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரலை வைத்து ஓவன் பழுதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

முதலில் இது: நீ எழுதியது குற்றமில்லை. பதின்மூன்று வயதுப் பெண் தன் அம்மாவைப் பெரிய ஆளாக எழுதினால் அதற்குச் சிறைத்தண்டனை கிடையாது. அழாதே. அழுதாலும் ஓவனுக்குள் அழு, காய்ந்துவிடும்.

ஆனால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நான் இங்கே செய்வது என்ன வேலை என்று நீ எப்போதும் கேட்பாய், நான் அலுவலக வேலை என்று மழுப்புவேன். நான் பதில் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் அச்சடித்த பதில்கள் ஒன்பது இருக்கின்றன. மேலே இருந்து புகாரின் ஓரத்தில் ஓர் எண்ணைக் குறித்து அனுப்புவார்கள். அந்த எண்ணுள்ள பதிலை எடுத்து, மடித்து, உறையில் போட்டு அனுப்புவது என் வேலை. பதில் இரண்டு, “ஆவன செய்யப்படும்.” பதில் ஏழு, “தங்கள் கடிதம் காலதாமதமாகக் கிடைத்தது.” அம்மாவுக்கு வந்தது பதில் நான்கு. பதில் நான்கு போனால் கதை முடிந்தது என்று எங்கள் பிரிவில் பேச்சு. இந்த இரண்டு வருடத்தில் அதற்கு மேல் போய் ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை.

கையெழுத்துப் போட்டாயிற்று. நனைந்த பிறகு முக்காடு எதற்கு? நான் மாதாமாதம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக அனுப்பப் பார்க்கிறேன். அம்மாவிடம் முகாமுக்குப் போக வேண்டாம் என்று நான் பேசுகிறேன். அவள் கேட்கமாட்டாள், இருந்தாலும் பேசுகிறேன்.

நீ இரவில் கண் விழிக்காதே. கணக்குத் தேர்வு எப்படி எழுதினாய் என்று ஒரு வரிகூட இல்லை, அதை நான் கவனிக்காமல் இல்லை.

அன்பு முத்தங்களுடன்,
அக்கா


ஜூன் 12, வெள்ளி இரவு

அக்கா, அக்கா, அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. நாம் நுகர்வோர்தான்! அம்மா நுகர்வோர்தான்!

நேற்று பள்ளி விட்டதும் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில், ஒரு நீளமான அறை. மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை. மேசையில் ஒருவர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். “பெரியவங்க யாரும் வரலையா?” என்று கேட்டார். நான், “பெரியவங்களுக்குத் தெரியாது” என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எனக்கும் ஒண்ணும் தெரியாது, அங்க சட்டம் தொங்குது, படிச்சுக்கோ” என்று சொல்லி மறுபடி முத்திரை குத்த ஆரம்பித்தார். நிஜமாகவே தொங்கியது. ஆணியில், ஒரு நூலில் கட்டி, ஓரமெல்லாம் பழுப்பேறிய புத்தகம். எடுத்துப்போக முடியாது. நின்றபடியேதான் படிக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

முதல் பக்கங்கள் புரியவில்லை. பிறகு ஒரு வரி வந்தது. அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன், வியர்த்து அழிந்துவிடுமோ என்று முழங்கையிலும் எழுதினேன். லாபத்துக்கு வியாபாரம் செய்ய வாங்குகிறவர் நுகர்வோர் அல்லர் என்று சொல்லிவிட்டு, அதற்குக் கீழேயே, ஒருவர் தன் கையால் உழைத்துத் தன் பிழைப்பை நடத்துவதற்காக வாங்கிப் பயன்படுத்தினால் அது வியாபாரம் ஆகாது என்று போட்டிருக்கிறது. தன் கையால்! அம்மாவின் கையைவிட வேறு எந்தக் கை அந்த வீட்டில் மாவு பிசைகிறது?

இன்னும் இருக்கிறது. இந்தச் சட்டம் கொடுத்த பாதுகாப்பை எந்த ஒப்பந்தமும் பறிக்க முடியாதாம். அப்படி ஒரு நிபந்தனை போட்டிருந்தால், வாங்கியவர் அதில் கையெழுத்தே போட்டிருந்தாலும், அந்த நிபந்தனை செல்லாது. எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன் அக்கா. விற்கிறவர் தன் வசதிக்கு ஆயிரம் வரி அச்சடித்துக்கொண்டு வருவார், வாங்குகிறவர் கையில் மாவோடு நிற்பார், இரண்டு பேரும் சமமாக உட்கார்ந்து பேசி எழுதியது இல்லை அது என்று சட்டத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதனால்தான் அந்தத் தாளுக்குள் சட்டமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நிபந்தனை 11 கோட்டை இல்லை, அட்டைச் சுவர். ஊதினால் விழும்.

நனைந்த பிறகும் முக்காடு போடலாம் அக்கா. தலையாவது காயும்.

ஒரு தப்பும் செய்துவிட்டேன். புகார் மனுவை நானே எழுதினேன். அம்மாவின் கையெழுத்து வேண்டும். பள்ளிச் சுற்றுலாத் தாள், நூலகத் தாள், இரண்டுக்கும் நடுவில் மனுவை வைத்து நீட்டினேன். அம்மா கேக்குக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தாள். “எங்க போடணும்?” என்று மட்டும் கேட்டாள். மூன்றிலும் போட்டாள். அவள் போட்டு முடித்ததும்தான் எனக்கு உறைத்தது. விற்பனைக்காரர் செய்ததையே நானும் செய்திருக்கிறேன்.

மனுவை இன்று பள்ளி விட்டதும் கொடுத்துவிட்டேன். முத்திரைக்காரர் அதைப் படித்துவிட்டு என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார்.

கணக்கில் நாற்பத்தொன்று. இதை அம்மாவிடம் சொல்லாதே.

உன் கடிதம் அழகாக மடித்திருந்தது, எப்போதும் போல.

உன்,
சுண்டெலி


ஜூன் 17, புதன்

சுண்டெலிக்கு,

நீ என்ன காரியம் செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா? மன்றத்திலிருந்து கம்பெனிக்கு அறிவிப்பு வந்துவிட்டது. இங்கே வாடிக்கையாளரின் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறார்கள். யாராவது ஒருவர் முகவரியைப் பார்த்துவிட்டு என் பணிப் புத்தகத்தைத் திறந்தால் போதும், இரண்டும் ஒரே வீடு. என் மேலதிகாரி சிரித்துக்கொண்டே வேலையை விட்டு அனுப்புகிறவர். போன மாதம் ஒரு பையனை அப்படித்தான் அனுப்பினார், அவன் ஊக்கத்தொகை என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வந்தான்.

மனுவைத் திரும்பப் பெற்றுவிடு. இப்போதே. எனக்கும் வேலை போனால் மூன்று பேரும் சேர்ந்து என்ன செய்வது?

நீ எழுதிய அந்த வரி நிஜமா? தன் கையால் உழைத்துப் பிழைப்பதற்கு வாங்கினால் என்று? நீ கனவில் படிக்கவில்லையே? ஏன் கேட்கிறேன் என்றால், நான்கு என்று குறித்து நேற்று என் மேசைக்கு வந்த புகார்களை முதல் முறையாக உட்கார்ந்து படித்தேன். வீட்டில் முடி வெட்டுகிற ஒரு பெண். சட்டைக்குப் பொத்தான் தைக்கிற ஒருவர். தெருமுனையில் சாவி செய்கிற ஒருவர், மனைவியின் மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கிறார். தொழில் என்ற இடத்தில் பூட்டு வேலை என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான், அவருக்கும் நான்கு. மருந்துக்கும் பூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு வருடமாக நான் எதை மடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

இருந்தாலும் திரும்பப் பெற்றுவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன், அக்கா என்றுகூடப் பார்க்காமல்.

அக்கா


ஜூன் 20, சனி இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

திரும்பப் பெற முடியவில்லை. மன்றத்தின் அறிவிப்பு வீட்டுக்கும் வந்தது, நேராக அம்மாவின் கைக்கு. நான் பள்ளியிலிருந்து வரும்போது மேசையில் விரித்து வைத்திருந்தாள். ஜூலை ஏழு, காலை பதினொரு மணி. “இது என் கையெழுத்துதானே?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “நான் எப்ப போட்டேன்?” என்றாள். சுற்றுலாத் தாளோடு என்றேன். “சுற்றுலாவுக்காவது நிஜமா கூட்டிட்டுப் போறாங்களா?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தொழில் என்ற இடத்தில் என்ன எழுதினேன் என்று அப்போதும் சொல்ல வாய் வரவில்லை. முகாமுக்குப் பதில் சொல்வதை ஏழாம் தேதிவரை தள்ளி வைத்திருக்கிறாள். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லையாம். 38 ஆறு துணிகளில் ஆகிவிட்டது.

முத்திரைக்காரரிடம் மறுபடி போனேன். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட ஓவன் உண்மையில் எங்கே, யாரால் பயன்படுகிறது என்பதைத்தான் பார்ப்பார்களாம். அதற்குச் சாட்சி வேண்டும். உடனே எனக்கு நினைவு வந்தது. ஓவனைப் பொருத்த வந்தவர் ஒரு ரோஸ் நிறத் தாளில் எழுதிக் கொடுத்தார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். “இடம்: வீட்டுச் சமையலறை. பயன்படுத்துபவர்: ஒருவர்.” வீட்டுக்கு ஓடிவந்து எல்லா டப்பாவையும் கவிழ்த்தேன். கடைசியில் எங்கே இருந்தது தெரியுமா? ஓவனின் இடது காலுக்கு அடியில். ஓவன் ஆடாமல் இருக்க அம்மா அதை எட்டாக மடித்து முட்டுக் கொடுத்திருந்தாள்! எடுத்து விரித்தேன். சூட்டிலும் வெண்ணெயிலும் எழுத்தெல்லாம் போய்விட்டது. கார்பன் பிரதி தானே. ரோஸ் நிறத்தில் ஒரு வெற்றுத்தாள்.

அதே நிறத்தில் அசல் தாள் உங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கும். கம்பெனி ஏழாம் தேதி அந்தக் கோப்பைக் கொண்டுவர வேண்டும். ஆனால் அந்தத் தாள் அதற்குள் இருக்குமா என்று யார் பார்ப்பார்கள்?

அக்கா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், பயமாக இருந்தது. நீ எதை மடித்தாலும் மூன்றாக மடிப்பாய், மேல் மடிப்பை மட்டும் ஒரு விரற்கடை குறைத்து விடுவாய், பிரிக்கச் சுலபமாக இருக்கும் என்று. பிறகு நகத்தால் ஒரு கீறு. வீட்டில் தலையணை உறையைக்கூட அப்படித்தான் மடிப்பாய். அம்மாவுக்கு வந்த பதில் நான்கு அப்படித்தான் மடித்திருந்தது.

நான் கோபமாக இல்லை. கோபமாக இருந்தால் உனக்குத்தான் முதலில் எழுதியிருப்பேனா? நான் கேட்பது ஒன்றுதான். அந்த ரோஸ் தாள் கோப்பில் இருக்கட்டும். திருட வேண்டாம், எனக்கு அனுப்ப வேண்டாம். அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும்.

உன்,
சுண்டெலி


ஜூன் 25, வியாழன்

சுண்டெலிக்கு,

ஆமாம், நான்தான். மே மாதக் கடைசியில் ஒரு மதியம் நாற்பது பதில் நான்கு. உறையில் முகவரி தெரிய ஒரு கண்ணாடித்தாள் ஜன்னல் இருக்கும். தாளை மடித்துப் போட்டால் பெயர் அதில் தானாக வந்து நிற்கும். நான் ஜன்னலைப் பார்ப்பதே இல்லை. என் சொந்த அம்மாவின் பெயர் அந்த ஜன்னலில் வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. நான் அடுத்த தாளை மடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோப்பு அறைக்குப் பூட்டு. மன்றத்துக்குப் போகும் கோப்புகளைச் சட்டப் பிரிவு பார்த்து, தேவையில்லாதது என்று அவர்கள் நினைப்பதை எடுத்துவிட்டுத்தான் அனுப்பும். பொருத்திய தாள்களை எடுத்துவிடுவது வழக்கம். நான் என்ன செய்ய முடியும்? என்னைக் கேட்காதே. நான் உன்னைப்போல் தைரியசாலி இல்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் பதில் போட முடியாது.

அம்மாவிடம் மடிப்பைப் பற்றிச் சொல்லிவிடாதே. அது ஒன்றை மட்டும் செய்.

அக்கா


ஜூலை 1, புதன் இரவு

அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். பதில் வேண்டாம்.

சொல்லமாட்டேன். சத்தியமாக.

ஏழாம் தேதி என்ன பேச வேண்டும் என்று ஓவனுக்கு முன்னால் உட்கார்ந்து பேசிப் பார்க்கிறேன். ஓவன்தான் மன்றத் தலைவர். நன்றாகக் கேட்கிறது, ஒரு பக்கமாகத்தான் சூடாகிறது. “ஐயா” என்று ஆரம்பிக்கலாமா “மதிப்புக்குரிய” என்று ஆரம்பிக்கலாமா? பாதியில் சொல் மறந்துவிடுகிறது, ஆனால் அந்த வரிக்கு வந்ததும், தன் கையால் என்ற இடத்துக்கு வந்ததும், ஒரு சொல்லும் மறப்பதில்லை. பயமும் குதூகலமும் ஒரே ருசியாக இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

அம்மா பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள். இன்னும் எதையும் உள்ளே வைக்கவில்லை. திறந்தே கிடக்கிறது. நான் அதைச் சுற்றிப் போய்வருகிறேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு. சாப்பிடாமல் டப்பாவை மூடாதே.

உன்,
சுண்டெலி


ஜூலை 7, செவ்வாய், மதியம் மூன்று மணி

என் உயிர் அக்காவுக்கு,

மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்! ஜன்னல் திறந்திருக்கிறது. அம்மா எதிரில் இருக்கிறாள். முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

அம்மா காலையிலேயே தன் நல்ல உடுப்பைத் தேய்த்துப் போட்டுக்கொண்டாள். பேருந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அந்தக் கையின் சூட்டைப் பார்த்தால் பயம் அவளுக்கா எனக்கா என்று தெரியவில்லை. மன்றத் தலைவர் ஒரு பெண்மணி, மேசைமேல் தண்ணீர்ச் செம்பு, மூக்கின் நுனியில் கண்ணாடி. “ஐயா” என்று ஆரம்பிக்கவிருந்தேன், தப்பித்தேன். உங்கள் கம்பெனியிலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் வந்திருந்தார், கையில் தடித்த கோப்பு.

அவர் எழுந்து படிவத்தைப் படித்தார். “தொழில்: நிறுவன உரிமையாளர், கேக் தயாரிப்பு.” வாடிக்கையாளரே இப்படிச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இவர் எப்படி நுகர்வோர் என்றார். தலைவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா விழித்தாள். அவளுக்கு என்ன தெரியும்? எழுந்துவிட்டேன்.

“அது நான் எழுதினது. அம்மா அதைப் படிக்கல” என்றேன்.

ஏன் அப்படி எழுதினாய் என்று தலைவர் கேட்டார். வகுப்பில் படிப்பார்கள், சிரிப்பார்கள் என்று சொன்னேன். பேசிப் பார்த்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. இது மட்டும்தான் வந்தது. நான் அம்மாவைப் பார்க்கவே இல்லை. அம்மா என் கையை இழுத்து உட்கார வைத்தாள். காதருகில் கேட்டாள்.

“என்னன்னு எழுதின?”

“நிறுவன உரிமையாளர்.”

“இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னேன். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடிக்கவும் இல்லை, நான் பயந்த அந்தப் பார்வையும் இல்லை அக்கா.

பிறகு தலைவர் பொருத்திய தாள் எங்கே என்று கேட்டார். கழுத்துப்பட்டைக்காரர், அப்படி எதுவும் இதில் இருக்காது என்று சொல்லிக்கொண்டே கோப்பை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். அவரும் அதைப் படிக்கவில்லை! தலைவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசித் தாளுக்கு முந்தின இடத்தில் ரோஸ் நிறம். மூன்றாக மடித்து, மேல் மடிப்பு ஒரு விரற்கடை குறைவாக. பூட்டிய கோப்பு அறையை எப்படித் தாண்டினாய் என்று நான் கேட்கமாட்டேன்.

தலைவர் அதை ஒரே இழுப்பில் பிரித்தார். பிரிக்கச் சுலபமாகத்தானே இருக்கும். “இடம்: வீட்டுச் சமையலறை. பயன்படுத்துபவர்: ஒருவர்” என்று படித்துவிட்டு, உங்க ஆளே எழுதி வச்சிருக்காரே என்று கேட்டார். கழுத்துப்பட்டைக்காரர், “ஆனா நிபந்தனை பதினொண்ணுல கையெழுத்துப் போட்டிருக்காங்க” என்றார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“சட்டம் ஒருத்தருக்குக் கொடுத்ததை உங்க தாள் எடுத்துக்க முடியாதுங்க. கையெழுத்து யாருதா இருந்தாலும் சரி.”

இருபது நாளில் ஓவனை எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்று எழுதினார். வெளியே வந்ததும் முத்திரைக்காரர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிவிட்டு, உடனே ஒன்றும் நடக்காததுபோல முத்திரை குத்த ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து அம்மா பெட்டியை மூடிப் பரணில் ஏற்றினாள். துணிகளிலிருந்து 38-ஐப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். வேறு ஓவன் வரும்வரை பழைய அடுப்பிலேயே சின்னக் கேக் செய்யலாமாம். அடுத்த படிவத்தை அவளே எழுதுவாளாம். தொழில் என்ற இடத்தில் நான் எழுதியதையே எழுதுவாளாம், சட்டம் என்ன சொன்னாலும்.

நான் வாக்குத் தவறவில்லை அக்கா. மடிப்பைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பேருந்தில் அம்மாவே சொன்னாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

“அந்தக் கடிதாசி வந்த அன்னிக்கே தெரியும்டி. என் பிள்ளை மடிச்சது எனக்குத் தெரியாதா? படிச்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டா. அதான் பேசாம வச்சேன்.” கொஞ்சம் கழித்து, “இன்னிக்குப் படிச்சுட்டு மடிச்சிருக்கா” என்றாள்.

உன் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. அதனால் அவள் இந்தக் கடிதத்தில் ஒன்று எழுதச் சொல்கிறாள்: வேலை இருந்தால் விடுமுறைக்கு வா, இல்லாவிட்டால் நாளைக்கே வா. மாவு பிசைய இரண்டாவது கை வேண்டும். சாவிக்காரரின் முகவரி உன் நினைவில் இருந்தால் அதையும் எடுத்து வா. ஆணியில் தொங்கும் புத்தகத்தில் அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்துக்குப் பதிலை நம் வீட்டு முகவரிக்கே அனுப்பு. மருந்துக்கடை மாமாவுக்கு ஓய்வு.

உன் மாதிரி மடிக்கப் பார்த்தேன். மேல் மடிப்பு கொஞ்சம் கோணலாக வந்திருக்கிறது. நீ வந்து சொல்லிக் கொடு.

உன்,
சுண்டெலி

(பக்கத்தில் நிறுவன உரிமையாளர், முட்டை அடித்துக்கொண்டு.)